எந்த வயிற்றில் இருந்தாலும்

காலை ஆறரை மணிக்குள் ஈச்சங்காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மலம் கழித்துவிட வேண்டும். ஏழு மணிக்குக் குளிர்வண்டி புறப்பட்டுவிடும்.

செவிலி பூங்காவனத்தின் அன்றாட முதல் வேலை, சுகாதார நிலையத்துச் சுவரில் இருக்கும் விளக்குப் பலகையைப் பார்ப்பது. வீட்டுக்கு ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் அந்த வீட்டுப் பகுப்பறை எல்லோரிடமிருந்தும் பெற்றுக்கொண்டது என்று பொருள். மஞ்சள் என்றால் யாரோ ஒருவர் இன்னும் போகவில்லை. சிவப்பு என்றால் மலத்தில் மருந்து கலந்திருக்கிறது. பகுப்பறை என்றால் கழிப்பறைதான். ஆனால் அது பேசும். காரியம் முடித்து எழுந்தவுடன், "நன்றி. இன்றைய தரம்: முதல்" என்று இனிமையான பெண்குரலில் சொல்லும். ஊர்ப் பிள்ளைகள் அந்தக் குரலைப் போலவே பேசி விளையாடுவார்கள். பூங்காவனத்துக்கு அதைக் கேட்டாலே குமட்டும். அவள் இந்த ஊமைமலைக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. பதினோரு வருடமாகக் குமட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

குடல்விதை வந்து இருபத்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. பட்டணத்து மனிதனின் குடலில் நூற்றைம்பது வகை நுண்ணுயிர்கூட மிச்சமில்லாத காலத்தில், ஊமைமலைக்காரர்களின் குடலில் தொள்ளாயிரம் வகை இருப்பதை யாரோ எண்ணிக் கண்டுபிடித்தார்கள். சாமையும் கீரையும் தின்று, ஊற்றுத்தண்ணீர் குடித்து, எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்நாளில் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக்கூடக் கண்டிராத குடல். அதிலிருந்து உயிர்களைப் பிரித்தெடுத்து, உறைய வைத்து, குப்பியில் அடைத்துப் பட்டணத்தார் வயிற்றில் விதைத்தார்கள். சர்க்கரை இறங்கியது. மூட்டுவலி போனது. பல வருடத்து மனச்சோர்வு பத்தே நாளில் விலகியது. பட்டணத்தில் இப்போது இருபது லட்சம் பேர் விதை போட்டவர்கள்.

மலையில் ஒரு நல்ல மருத்துவமனைகூட இல்லை என்பதுதான் அந்தக் குடலின் சிறப்பு. அதுவரை அதற்குப் பெயர் புறக்கணிப்பு. குடல்விதைக் கழகம் வந்த பிறகு அதற்குப் பெயர் தூய்மை. மலை முழுவதும் தூய மண்டலம் என்று அறிவிக்கப்பட்டது. சாலை வந்தது, மின்சாரம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. சுகாதார நிலையத்துக்குப் பதினான்கு வகை அளவுக் கருவிகள் வந்தன. கொல்லி மாத்திரை மட்டும் மலையடிவாரச் சோதனைச் சாவடியோடு நின்றது. பூங்காவனத்தால் காய்ச்சலைப் பத்து விதமாக அளக்க முடியும். அது ஏன் வந்ததோ அதைத் தொட முடியாது.

கொல்லி சாப்பிட்டால் விதை செத்துவிடும். பட்டணத்தாருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு குப்பி விழுங்கினால் மறுபடி முளைத்துவிடும். அதனால் அங்கே தும்மலுக்கும் கொல்லி, பயணம் போவதற்கு முன்னால் முன்னெச்சரிக்கையாகவும் கொல்லி. அவர்கள் நினைத்தபோதெல்லாம் சாப்பிட வேண்டுமானால் மலைக்காரர்கள் ஒருபோதும் சாப்பிடக் கூடாது. ஏற்பாடு இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள பூங்காவனத்துக்கு மூன்று மாதம் ஆயிற்று. புரிந்த பிறகும் பத்தே முக்கால் வருடம் அங்கேயே வேலை பார்த்தாள்.

பொன்னுருவி வீட்டு விளக்கு அன்றைக்கு இரண்டாவது நாளாக மஞ்சளாக எரிந்தது.

பொன்னுருவிக்கு இருபத்து நான்கு வயது. எட்டு நாளுக்கு முன்னால் பூங்காவனம்தான் பிரசவம் பார்த்தாள். பெண் குழந்தை, நல்ல எடை. நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்பதில் மட்டும் பூங்காவனத்துக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தபோது சந்தேகம் உறுதியானது. வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறிய வாடை மற்றதைச் சொல்லிவிட்டது. பிரசவக் காய்ச்சல்.

காய்ச்சல் என்று பூங்காவனம் கழகத்துக்கு மூன்று முறை செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. இரண்டு நாள் மஞ்சள் விளக்கு என்றதும் மண்டல அலுவலர் ரகுநந்தன் நேரில் வந்துவிட்டார்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கோபப்படத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் பூங்காவனத்துக்குப் பிடிக்காதது. நிலையத்து நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சிஸ்டர், அந்த வீட்டுல என்ன பிரச்சினை? ரெண்டு நாளா சரக்கு வரலையே."

"பிரசவக் காய்ச்சல் சார். கருப்பைக்குள்ள சீழ் கட்டியிருக்கு. வாயில ஒண்ணும் இறங்கல, அப்புறம் எப்படிப் போவா? கொல்லி மருந்து ஊசியில ஏத்தினா ஏழு நாள்ல எழுந்து உட்கார்ந்திடுவா சார்."

"அந்த வார்த்தை மண்டலத்துக்குள்ள வேண்டாமே. வெளித்தலையீடுன்னு சொல்லுங்க."

"எந்தப் பேரைச் சொன்னா கிடைக்கும் சார்?"

ரகுநந்தன் சிரித்தார். "யாரும் தடுக்கலையே சிஸ்டர். நீக்கம்னு ஒரு படிவம் இருக்கே. குடும்பம் கையெழுத்துப் போட்டுட்டு மண்டலத்தை விட்டுக் கீழ இறங்கிடலாம். அங்க எந்த மருந்து வேணும்னாலும் எடுத்துக்கட்டும். அது அவங்க உரிமை."

"அப்புறம் திரும்பி வர முடியாதே."

"எப்படி வர முடியும்? மத்தவங்க குடலுக்கும் பாதுகாப்பு வேணுமில்லையா?" சொல்லிக்கொண்டே பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி, கொண்டுவந்திருந்த வெந்நீரில் விழுங்கினார். "தொண்டை கரகரங்குது. இந்த மலைக்காத்து எனக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது."

பூங்காவனம் அந்த அட்டையையே பார்த்தாள். கொல்லி மாத்திரை. இன்னும் ஒன்பது இருந்தன.

அவர் அவள் பார்வையைக் கவனித்து, தப்பு எதுவும் செய்யாதவரின் நிதானத்தோடு அட்டையை மடித்து உள்ளே வைத்தார். "நான் மண்டலவாசி இல்லையே சிஸ்டர். எனக்குத் தனிக் கழிப்பறை."

நீக்கம் என்பது ஒரு குடும்பத்தோடு முடிகிற காரியமில்லை. ஒரு வீடு நீங்கினால் அந்தத் தெருவின் பதினெட்டு வீடுகளுக்கும் ஒரு வருடம் தரம் இறங்கும். ஒரே வருடத்தில் இரண்டு நீக்கம் நடந்தால் மண்டலமே கலைக்கப்படும். சாலையைப் பராமரிக்க ஆள் வராது, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வர மாட்டார். அந்த வருடம் ஏற்கெனவே ஒரு நீக்கத்துக்கு மேல்தெருக்காரர் ஒருவர் மனுப் போட்டுவிட்டுத் திரும்பப் பெற்றிருந்தார். ஊர் பயந்துபோயிருந்தது. அதனால் ஊர்த் தலைவர் மாரப்பன் மத்தியானம் எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டினார். மாரப்பன் பொன்னுருவிக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். அறுபது வயது, பேச்சில் நயம் பார்க்காத ஆள்.

"பச்ச ஒடம்பு, காய்ச்ச வர்றதுதான். இன்னும் ரெண்டு நாளு பொறுத்துப் பாக்கலாம் நர்சம்மா. ஒருத்திக்காவ ஊரையே இருட்டுல தள்ள முடியுமா?"

"அண்ணே, ரெண்டு நாள் தாங்க மாட்டா."

"நீயே எங்களுக்கு எத்தினி தபா சொல்லியிருக்க, பொறுத்துக்கோ, தானா சரியாப் போவும்னு? எம் பையன் காலு வீங்கினப்ப நீ இதத்தான் சொன்ன."

பூங்காவனம் சொல்லியிருக்கிறாள். அரிவாள் வெட்டுப்பட்ட கால், சீழ் வடிந்த காது, சளி இறங்கிய நெஞ்சு, எல்லாவற்றுக்கும் அதையே சொல்லியிருக்கிறாள். பாதிப் பேருக்குச் சரியாகவும் போனது. சரியாகப் போகாதவர்கள் கரட்டு மேட்டுக்குப் பின்னால் கிடக்கிறார்கள். மாரப்பனின் மகனும் அங்கேதான் இருக்கிறான்.

இப்படியே ஒன்றரை நாள் போயிற்று. மறுநாள் விடியற்காலை பொன்னுருவி ஆளை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தாள். அவள் புருஷன் சடையப்பன் யாரிடமும் கேட்கவில்லை. நேராக நிலையத்துக்கு வந்து, "எங்கம்மா போடணும் கையெழுத்து?" என்றான்.

ஏழு மணிக் குளிர்வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பூங்காவனம் கெஞ்சினாள். வேகமான வண்டி, குலுங்காத வண்டி. ஓட்டுநர் கைகூப்பினார். சரக்குக்குப் பக்கத்தில் நோயாளி வரக் கூடாதாம். ஆகவே விறகு ஏற்றுகிற ஜீப்பில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். சடையப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். குழந்தை பூங்காவனத்தின் கையில். ஒன்பதாவது வளைவில் பின்னாலிருந்து குளிர்வண்டி ஒலியெழுப்பியது. அதற்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஜீப் ஓரங்கட்டி நின்றது. நான்கு பாகை குளிரில், பஞ்சு மெத்தைப் பெட்டிகளில், ஈச்சங்காட்டின் அன்றைய மலம் அவர்களைத் தாண்டி வழவழவென்று இறங்கிப் போனது. வைக்கோலில் பொன்னுருவி நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

அடிவாரத்து ஊருக்குக் கீழூர் என்று பெயர். அங்கே இருந்த சிறிய மருத்துவமனையில் மருத்துவர் ஷாஹிதா ஒருத்திதான் எல்லா நோய்க்கும். பொன்னுருவியைப் பார்த்ததும், "ரெண்டு நாள் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். பிறகு பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்துவதை நிறுத்திக்கொண்டாள். கருப்பையைச் சுத்தம் செய்து, கிடைத்த கொல்லிகளில் பலமானவை மூன்றை ஒருசேர நரம்பில் ஏற்றினாள். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பொன்னுருவி கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. பிறந்ததிலிருந்து மருந்தே படாத குடலில் மூன்று வாரம் கொல்லி பாய்ந்ததில் உள்ளே இருந்த அத்தனையும் செத்துப்போய், எதற்கும் சாகாத ஒரு கிருமி மட்டும் காலி வீட்டில் குடியேறிய ரவுடியைப் போல உட்கார்ந்துகொண்டது. நாளுக்குப் பதினைந்து இருபது தடவை வெறும் தண்ணீராகப் போயிற்று, பிறகு ரத்தமாக. மார்பில் பால் வற்றியது. பத்து நாளில் பொன்னுருவி எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

"இதுக்கு மருந்து இருக்கு. பட்டணமா இருந்தா ரெண்டே நாள்," என்றாள் ஷாஹிதா. குரலில் எரிச்சல். "குடல்விதை ஒரு குப்பி போதும்."

சுவரில் பதித்திருந்த மருந்தளப்பானிடம் போய்ப் பொன்னுருவியின் விவரத்தைக் கொடுத்தாள். எந்த ஊரிலும் இப்போது மருந்தை மருத்துவர் எழுதித் தருவதில்லை. எழுதிக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அளப்பான்தான். அது கொஞ்ச நேரம் யோசித்தது. திரையில் எழுத்து ஓடியது.

மிகச் சிறந்த பொருத்தம் கண்டறியப்பட்டது. பொருத்தம்: நூறு விழுக்காடு. இருப்பு: நாற்பத்தொரு குப்பிகள், பட்டணக் குளிர்கிடங்கு. கொடையாளர்: நோயாளியே.

சடையப்பனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். "அப்பிடின்னா என்னாம்மா?"

"அவளோடதுதான் அங்க இருக்கு. கல்யாணத்துக்கு முந்தி இருந்து குடுத்தது," என்றாள் பூங்காவனம்.

"அப்போ குடுக்கச் சொல்லு."

அடுத்த வரி வந்தது. ஒதுக்கீடு: முதல்நிலை நகரவாசிகள் மட்டும். நோயாளியின் வகை: நீக்கப்பட்ட மண்டலவாசி, மூன்றாம் நிலை. காத்திருப்பு: பதினேழு மாதங்கள்.

பூங்காவனம் வாசல் பக்கம் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்னுருவியின் வயிற்றில் விளைந்த உயிர் பட்டணத்தில் எவனோ ஒருவனின் தொந்தியைக் கரைக்கக் காத்திருக்கிறது. அது விளைந்த வயிறு இங்கே ரத்தமாகக் கழிந்துகொண்டிருக்கிறது. இடையில் நிற்பது வீட்டு விலாசம்.

ஷாஹிதா பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள். "குப்பியெல்லாம் பிற்பாடு வந்ததுதான். முதல்முதல்ல இதை எப்படிச் செஞ்சாங்க தெரியுமா? நல்ல ஆளோட மலம், உப்புத்தண்ணி, வடிகட்டத் துணி, ஒரு குழாய். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சாயங்காலம் ஆறிலேர்ந்து ஏழு வரைக்கும் மேல வார்டுல இருப்பேன். பின்னறை பூட்டாமத்தான் கிடக்கும். குழாய் அலமாரியில இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல."

பூங்காவனத்துக்கு மட்டும் சாவடி தாண்ட அனுமதி இருந்தது. மறுநாள் அதிகாலை மலையேறினாள். ரத்த உறவு என்றால் குடல் பொருந்த வாய்ப்பு அதிகம். பொன்னுருவிக்கு ரத்த உறவாக ஊரில் மிச்சமிருந்தது மாரப்பன்தான். அவர் தன் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லச் சொல்ல வாயில் இருந்த வேப்பங்குச்சி அப்படியே நின்றது.

"சாவக் கெடக்குதா புள்ள?"

"ஆமாண்ணே."

"அது வவுத்துல இருந்து போனத அதுக்கே தர மாட்டேங்கிறானா?"

"ஆமா."

மாரப்பன் குச்சியைத் துப்பினார். கூட்டத்தில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு புது மண்சட்டியை எடுத்துக்கொண்டு பகுப்பறைப் பக்கம் திரும்பாமல் கொல்லைப்புறத்து ஈச்சம்புதருக்கு நடந்தார். போகும்போது, "மூஞ்சி தெரியாதவனுக்கெல்லாம் இருவது வருசம் குடுத்தாச்சி. சொந்தத்துக்கு ஒரு நாளு குடுக்கறேன்," என்றார்.

நிலையத்துப் பலகையில் அவர் வீட்டு விளக்கு அன்றைக்கு மஞ்சளாகவே நின்றது.

பால்தூக்கில் ஐஸ்கட்டி வைத்து, அதற்குள் சட்டியை வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டுப் பூங்காவனம் சாவடியைத் தாண்டினாள். அன்று மாலை ஆறு மணிக்குப் பின்னறையில் உப்புத்தண்ணீர் விட்டுக் கரைத்தாள், வேட்டித் துணியில் வடிகட்டினாள். அறையெல்லாம் நாற்றம். ஆனால் அதற்கு அவளுக்குக் குமட்டவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான், கை முழங்கை வரை நாறிக்கொண்டிருந்தபோது, செவிலி வேலை பார்க்கிற நினைப்பு வந்தது. பொன்னுருவியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துக் குழாயைச் செலுத்தினாள்.

"யாருதும்மா?" என்று கேட்டாள் பொன்னுருவி, ஈனக்குரலில்.

"உங்க மாமனோடது."

அந்த நிலைமையிலும் அவள் உதடு சிரிப்பில் கோணியது. "அய்ய."

மூன்றாம் நாள் கழிச்சல் நின்றது. ஐந்தாம் நாள் கஞ்சி குடித்தாள். எட்டாம் நாள் ரகுநந்தன் இரண்டு காவலர்களோடு வந்தார்.

குற்றப்பத்திரிகையில் பூங்காவனத்தின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: தூய மண்டலத்தில் விளைந்த உயிர்ப்பொருளைக் கழகத்தின் அனுமதியின்றி வெளியே கடத்தியது. திருடப்பட்ட பொருள்: மலம், முதல்தரம், ஒரு சட்டி.

உயிர்ச்சொத்துத் தீர்ப்பாயம் மருத்துவமனைக் கூட்ட அறையில் திரை வழியாகக் கூடியது. திரையில் மூன்று நீதிபதிகள், கழகத்தின் வழக்கறிஞர். இந்தப் பக்கம் பூங்காவனம், ஷாஹிதா, சக்கர நாற்காலியில் பொன்னுருவி. வழக்கறிஞர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். பிரித்தெடுத்த உயிரின் மீது உரிமை உண்டென்றால் அது இருந்த மலத்தின் மீதும் உண்டு, மண்டல ஒப்பந்தத்தில் ஊர் கையெழுத்திட்டிருக்கிறது, ஆகவே மாரப்பனின் குடலில் விளைந்தது கழகத்தின் சொத்து என்றார்.

தலைமை நீதிபதி, "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று பூங்காவனத்திடம் கேட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. நான் எடுத்தது சட்டியில இருந்தவரைக்கும் கழகத்தோடதுன்னு வெச்சுக்குவோம். இப்ப அது இந்தப் பொண்ணு வயித்துல முளைச்சிடுச்சு. இப்பவும் அது கழகத்தோடதா?"

வழக்கறிஞர் தயங்கவில்லை. நன்றாகத் தயாரித்து வந்திருந்தார். "விதை யார் நிலத்தில் முளைத்தாலும் விதை விதைக்காரருடையதுதான். எந்த வயிற்றில் இருந்தாலும் அது கழகத்தின் சொத்து. வயிற்றுக்குரியவர் அதைப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர், அவ்வளவே."

நீதிபதிகள் அந்த வாக்கியத்தை அப்படியே தீர்ப்பில் எடுத்துக்கொண்டார்கள். பூங்காவனத்துக்கு வேலை போயிற்று. பொன்னுருவி கழகத்தின் சொத்து இருக்குமிடம் என்பதால் நீக்கம் ரத்தாகி, குடும்பத்தோடு மண்டலத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். கழகத்தின் சம்மதமில்லாமல் இனி அவளுக்கு எந்தக் கொல்லியும் தரக் கூடாது.

"வூட்டுக்குப் போறேன்," என்றாள் பொன்னுருவி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. பிறகு முகம் மாறியது. "மறுக்கா காய்ச்ச வந்தா என்னாம்மா பண்றது?"

பூங்காவனத்துக்குப் பொறுத்துக்கொள் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

தீர்ப்புகளை யாரும் எடுத்துப் போய் அமல்படுத்த வேண்டியதில்லை. வெளியான அன்றே அவை நாட்டில் உள்ள எல்லா மருந்தளப்பான்களுக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். அளப்பானுக்குப் பொன்னுருவியையும் பட்டணத்தாரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தீர்ப்பு வாக்கியம்தான். வயிற்றில் குடல்விதை இருக்கிறதா? இருந்தால் அது கழகத்தின் சொத்து. சொத்தை அழிக்கும் மருந்தைத் தரக் கூடாது.

முதல் நாள் பட்டணத்தில் நாலாயிரம் பேருக்குக் கொல்லி மறுக்கப்பட்டது. இயந்திரக் கோளாறு என்று நினைத்தார்கள். ஒரு வாரத்தில் கழகத்தின் வாசலில் கூட்டம் கூடியது. சம்மதம் கொடுங்கள் என்றார்கள். கழகத்தால் கொடுக்க முடியவில்லை. பட்டணத்தார் வயிற்றில் இருப்பது பட்டணத்தாருக்கே சொந்தம், அழித்துக்கொள்ளலாம் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், மலைக்காரர் வயிற்றில் இருப்பது மலைக்காரருக்கே சொந்தம் என்றாகிவிடும். அப்புறம் ஒரு பகுப்பறைகூட மிஞ்சாது. ஆகவே கழகம், ஒவ்வொரு மனுவும் பரிசீலிக்கப்படும் என்று அறிவித்துவிட்டு மௌனமாகிவிட்டது. பரிசீலனைக்குப் பதினைந்து வேலை நாட்கள். இடையில், தன் சொத்து பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, விதை போட்டவர்களின் வீடுகளில் பகுப்பறைகளைப் பொருத்தத் தொடங்கியது.

பூங்காவனம் இதையெல்லாம் கீழூரில் தன் தங்கை வீட்டில் இருந்தபடி செய்தியில் பார்த்தாள். சந்தோஷப்படலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். நிமோனியாவில் மூச்சுத் திணறும் ஒரு பட்டணத்துப் பெண்ணைத் திரையில் காட்டினார்கள். சந்தோஷம் வரவில்லை. அதே பழைய குமட்டல்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவர் ரகுநந்தன். முகத்தின் இடப்பக்கம் பலாச்சுளை வைத்துத் தைத்ததுபோல் வீங்கியிருந்தது. வாயை ஒரு விரற்கடைக்கு மேல் திறக்க முடியவில்லை. கண்ணில் காய்ச்சல்.

"கடைவாய்ப் பல் சிஸ்டர். அஞ்சு நாளாச்சு," என்றார். பேசும்போது எச்சில் ஒழுகியது. துடைத்துக்கொண்டார். "எங்கேயும் தர மாட்டேங்குது. நீங்க விதை போடாதவங்க. உங்க பேர்ல கேட்டா அளப்பான் குடுக்கும். எனக்குத் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் விதை போட்டவங்க சிஸ்டர். போடாத ஆள்னு யோசிச்சுப் பார்த்தேன். உங்க ஒருத்தரைத்தான் தெரியும்."

பூங்காவனம் அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். கொதித்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. ஈச்சங்காட்டில் இதே மாதிரி ஒரு கழுத்தை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கையில் எதுவும் இல்லாமல் பார்த்தாள்.

"உட்காருங்க," என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு நடந்தாள். தனக்குப் பல்வலி என்று அளப்பானிடம் பொய் சொன்னாள். அது ஒரு கேள்வியும் கேட்காமல் அட்டையைத் தள்ளியது. திரும்பி வந்து அவர் கையில் கொடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள்.

"ரெண்டு மாத்திரை இப்பவே. சாயங்காலம் ஷாஹிதா டாக்டர்கிட்டப் போய்ச் சீழை எடுத்துடுங்க. அதுக்கு அளப்பான் தேவையில்லை."

ரகுநந்தன் அட்டையை வாங்கிக்கொண்டார். பிதுக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல பகுப்பறை மாட்டிட்டாங்க சிஸ்டர். ஊழியர்களுக்குத்தான் முதல்ல. சிவப்பு எரிஞ்சா வேலை போயிடும். முதல்நிலை அட்டையும் போயிடும். பசங்க பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அதுலதான்."

"இது கழுத்துக்குள்ள இறங்கினா மூச்சு அடைச்சிடும் சார். நாளைக்குன்னு இருக்காதீங்க."

"தெரியுது." எச்சிலைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு கேட்டார். "மலையில இதுக்கு ஏதாவது பச்சிலை வெச்சுக் கட்டுவாங்களாமே?"

"கட்டுவாங்க."

"கேக்குமா?"

"கேக்காது சார். கேக்காதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை எழுதினேன்."

அவர் தம்ளரைத் தொடவில்லை. எழுந்து, மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். "எதுக்கும் கழகத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு…" என்று முனகிக்கொண்டே காருக்குப் போனார்.

பூங்காவனம் வாசலில் நின்று பார்த்தாள். கார்க் கதவு திறந்தே கிடந்தது. அவர் பின்னிருக்கையில் சரிந்து உட்கார்ந்து, தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையில் தொலைபேசியை வைத்துக்கொண்டிருந்தார். எதிர்முனைக் குரல் கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னார். பெயர். வயது. விதை போட்ட தேதி. விலாசம். வீங்கிய வாய்க்குள் சொற்கள் குழம்பின. அந்தக் குரலுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டது. அவர் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாக முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.